மனுதாரரும் நானே, பயனாளியும் நானே

அமெரிக்காவில் வேலை அடிப்படையில் கிரீன் கார்டு கேட்கும் பெரும்பாலோர் ஐ-140 என்ற படிவத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அதன் முதல் பகுதி மனுப் போடுபவர் யார் என்று கேட்கிறது. மூன்றாம் பகுதி அந்த மனு யாருக்காக என்று கேட்கிறது. வழக்கமாக முதல் பகுதியில் ஒரு கம்பெனியின் பெயரும், மூன்றாம் பகுதியில் அங்கே வேலை பார்க்கிறவரின் பெயரும் இருக்கும். 2025 கோடையில், நியூஜெர்சியில் ஒரு நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் பார்த்த படிவத்தில் இரண்டு இடத்திலும் ஒரே பெயர்தான் இருந்தது. நண்பர் திருநெல்வேலிக்காரர், பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். பாலத்தின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் எஃகுக் கம்பி துருப்பிடிப்பதை, கான்கிரீட்டை உடைக்காமலே கண்டுபிடிக்கும் முறை ஒன்றைப் பல வருடமாகச் செப்பம் செய்து வருகிறார். மேசை மேல் நானூறு பக்கத்துக்குக் காகிதம் கிடந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறத்தில் சீட்டு ஒட்டியிருந்தார்.

மனுவோடு வைக்கும் விளக்கக் கடிதத்தை என்னிடம் நீட்டினார். முதல் பத்தியிலேயே தன்னைத் தன் துறையின் உச்சியில் இருக்கும் சிலரில் ஒருவர் என்று எழுதியிருந்தார். நான் வாசித்து முடிக்கும் முன்பே அவருக்குக் கூச்சம் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, நம்மள நாமளே இப்படி எழுதிக்கிடலாமா?"

அவருக்கு அன்று சொன்ன பதிலைப் பிறகு சொல்கிறேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு பெரிய கேள்வி இருக்கிறது. ஒரு உழைப்பாளி ஒரு நாட்டுக்குத் தேவை என்பதை யார் சொல்ல வேண்டும்? அவருக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளியா, அரசாங்கமா, அவரேதானா? அமெரிக்கச் சட்டம் இந்த மூன்று பதிலையும் ஒரே சமயத்தில் வைத்திருக்கிறது. மூன்றாவது பதிலுக்கு இடம் கொடுத்ததுதான் அந்தச் சட்டத்தின் மிக நல்ல பகுதி என்பது என் எண்ணம். அந்த நல்லதைப் பாதியாக நறுக்கிவிடுவது பிறந்த நாட்டை வைத்துப் போடும் வரிசை. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த வழியை யாருக்கும் பரிந்துரைக்கவோ தடுக்கவோ முடியாது.

முதலில், எல்லோரும் போகும் வழி. முதலாளி மனுப் போட வேண்டுமென்றால் பெரும்பாலும் 'பெர்ம்' என்ற கட்டத்தில்தான் தொடங்க வேண்டும். அந்த வேலைக்கு அந்த ஊரில் என்ன சம்பளம் நிலவுகிறது என்று தொழிலாளர் துறை முதலில் நிர்ணயிக்கும். பிறகு கம்பெனி அந்த வேலைக்கு ஆள் தேவை என்று விளம்பரம் கொடுக்க வேண்டும். பட்டதாரி வேலை என்றால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளில் வர வேண்டும், மாநில வேலைவாய்ப்பு அலுவலகத்தில் முப்பது நாள் பதிந்திருக்க வேண்டும், இவை போக இன்னும் மூன்று விதமாக ஆள் தேட வேண்டும். தகுதியுள்ள அமெரிக்கர் எவரும் கிடைக்கவில்லை என்று காட்டிய பிறகே விண்ணப்பம் போகும். உள்ளூர்த் தொழிலாளியைக் காக்க வேண்டும் என்ற நோக்கம் நியாயமானது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏழெட்டு வருடமாக ஒருவர் உட்கார்ந்து வேலை பார்க்கும் நாற்காலிக்கு ஆள் தேவை என்று விளம்பரம் கொடுப்பது எல்லோருக்கும் தெரிந்த சடங்காகிவிட்டது. அந்தச் சடங்கு முடிய இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

அதைவிடக் கனமான விஷயம், அந்தக் கோப்பு யார் கையில் இருக்கிறது என்பது. பெர்மும் ஐ-140உம் கம்பெனியின் சொத்து. வேலை போனால் ஹெச்1பி விசாவில் இருப்பவருக்கு அதிகபட்சம் அறுபது நாள் அவகாசம். புது வேலை கிடைத்தாலும், புதுக் கம்பெனி முதலிலிருந்து பெர்ம் போட வேண்டும். ஐ-140 ஒப்புதலாகி 180 நாள் ஆவதற்குள் பழைய கம்பெனி அதைத் திரும்பப் பெற்றால் அந்த ஒப்புதலே ரத்தாகும். 2022, 2023 ஆட்குறைப்பில் பெர்ம் பாதியில் நின்றுபோன குடும்பங்களை நம்மில் பலர் நேரில் பார்த்திருக்கிறோம். சம்பள உயர்வு கேட்கத் தயங்குவது, மேலாளர் கோபப்படுவாரோ என்று விடுப்புக் கேட்கத் தயங்குவது, ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் போகத் தயங்குவது, எல்லாம் அந்தக் கோப்பு அடுத்தவர் அலமாரியில் இருப்பதால் வரும் தயக்கம்.

அந்தக் கோப்பைத் தானே எழுதித் தானே வைத்துக்கொள்ள வழி செய்தது 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம். வேலை அடிப்படைக் கிரீன் கார்டுகளை ஆண்டுக்கு 1,40,000 என்று வைத்து, அவற்றை ஐந்து பிரிவாகப் பிரித்தது. முதல் மூன்று பிரிவுக்கும் தலா 28.6 சதவீதம், அதாவது 40,040. இந்த எண்ணிக்கையில் மனைவி, கணவர், பிள்ளைகள் எல்லோரும் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நால்வர் கொண்ட குடும்பம் நான்கு எண்களைச் சாப்பிடும்.

முதல் பிரிவுக்குள் இருக்கும் இபி-1ஏ அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கானது. இரண்டாம் பிரிவுக்குள் இருக்கும் என்.ஐ.டபிள்யூ. தேசிய நலனைக் கருதி வேலை வாய்ப்புக் கடிதமும் பெர்மும் வேண்டாம் என்று விலக்குத் தருவது. ஐ-140 படிவத்தில் இந்த இரண்டிலும்தான் ஒருவர் தன் மனுவைத் தானே போடலாம்.

என்.ஐ.டபிள்யூ.வின் வரலாறு ஒரு பாலத்தில் தொடங்குகிறது என்று சொன்னபோது நண்பர் நம்பவில்லை. சட்டம் தேசிய நலன் என்று சொன்னதே தவிர, அதை அளப்பது எப்படி என்று சொல்லவில்லை. 1998இல் நியூயார்க் மாநிலப் போக்குவரத்துத் துறை தன் பாலப் பொறியாளர் ஒருவருக்காகப் போட்ட மனுவில்தான் முதல் அளவுகோல் வந்தது. பாலங்கள் முக்கியம் என்பதைக் குடியேற்றத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகம் ஒப்புக்கொண்டது. ஆனால் பாலம் முக்கியம் என்பதாலேயே அதைக் கட்டும் பொறியாளருக்கு விலக்குத் தர முடியாது என்றது. பெர்ம் கேட்பதால் தேசிய நலனுக்கே கேடு வரும் என்று காட்டச் சொன்னது. ஆள் பற்றாக்குறையை ஆராயத்தான் பெர்ம் இருக்கிறது, அதைக் காரணமாகக் காட்டாதே என்றும் சொன்னது. அந்த மனு தோற்றது. அடுத்த பதினெட்டு வருடம் இந்த வழியில் வந்தவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்கள்தான்.

2016 டிசம்பர் 27 அன்று வந்த தனசார் தீர்ப்பு அந்த அளவுகோலைத் தூக்கி எறிந்தது. மனுதாரர் வட கரோலினாவில் ஒலியைவிடப் பல மடங்கு வேகமாகப் பறக்கும் விமானங்களின் உந்துவிசையை ஆராய்ந்தவர். இப்போது மூன்று கேள்விதான். நீ செய்யப்போகும் பணிக்கு உண்மையான மதிப்பும் நாடளாவிய முக்கியத்துவமும் உண்டா? அதை முன்னெடுத்துச் செல்லும் நிலையில் நீ இருக்கிறாயா? எல்லாவற்றையும் எடை போட்டால், வேலை வாய்ப்புக் கடிதம் இல்லாமல் உன்னை ஏற்பது நாட்டுக்கு நல்லதா? ஒரே ஊரில் நடக்கும் பணிக்கும் நாடளாவிய முக்கியத்துவம் இருக்கலாம் என்றும் அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொன்னது. தொழில் தொடங்குவோர், சுயமாக வேலை செய்வோர் எல்லோருக்கும் கதவு திறந்தது அதனால்தான். 2022 ஜனவரியில் அறிவியல், தொழில்நுட்பத் துறையினருக்குச் சாதகமான விளக்கங்களும் வந்தன. மனுக்கள் பெருகின.

இபி-1ஏ வேறு மாதிரி. நோபல் போன்ற பெரும் பரிசு ஒன்று இருந்தால் அதுவே போதும். இல்லாதவர்கள் பத்து அடையாளங்களில் குறைந்தது மூன்றைக் காட்ட வேண்டும். பரிசுகள், தகுதி பார்த்துச் சேர்க்கும் சங்கங்களில் உறுப்பினர் பதவி, தன்னைப் பற்றிப் பிறர் எழுதியவை, பிறர் பணியை மதிப்பிட்டது, துறையை மாற்றிய சொந்தப் பங்களிப்பு, ஆய்வுக் கட்டுரைகள், கண்காட்சிகள், பேர் பெற்ற நிறுவனத்தில் முக்கியப் பொறுப்பு, உயர்ந்த சம்பளம், கலைத் துறையில் வணிக வெற்றி. மூன்றைக் காட்டியதும் வேலை முடிந்தது என்று எண்ணிப் பலர் ஏமாந்திருக்கிறார்கள். 2010இல் கசாரியன் என்ற இயற்பியலாளரின் வழக்கில், அடையாளங்களை எண்ணும் கட்டத்தில் விதியில் இல்லாத நிபந்தனைகளை அதிகாரி சேர்க்கக் கூடாது என்று ஒன்பதாம் வட்ட நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை வைத்துக் குடியேற்றத் துறை இரண்டு கட்ட முறையை வகுத்தது. முதலில் எண்ணுவார்கள், பிறகு எல்லாவற்றையும் மொத்தமாகப் பார்த்து இவர் உண்மையில் உச்சியில் இருப்பவர்தானா என்று எடை போடுவார்கள். வழக்குத் தொடுத்த கசாரியனுக்கே மனு கிடைக்கவில்லை. இரண்டாவது கட்டத்தில்தான் அதிகாரிக்கு அதிகாரி முடிவு மாறுகிறது. ஒரே மாதிரியான இரண்டு மனுக்களில் ஒன்று நேராக ஒப்புதலாக, இன்னொன்றுக்குக் கூடுதல் சான்று கேட்டு ஆர்.எஃப்.இ. வரும் அனுபவம் அதனால்தான்.

இதுவரை சொன்னது கதவைப் பற்றி. கதவுக்கு வெளியே நிற்கும் வரிசையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாகாது.

எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் ஏழு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஐஸ்லாந்துக்கும் ஏழு, இந்தியாவுக்கும் ஏழு. கணக்குப் போட்டால் ஒரு பிரிவில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வருடத்துக்குச் சுமார் 2,800 எண்கள். பிற நாட்டவர் எடுக்காமல் மிச்சம் வைத்தால் கொஞ்சம் கூடும். அமெரிக்க அரசின் 2025 ஜூலை மாத விசா புல்லட்டினில், இந்தியாவில் பிறந்தவர்களுக்கான இபி-2 வரிசை 2013 ஜனவரி 1ஆம் தேதியில் நின்றது, அதாவது அதற்கு முன் வரிசையில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே எண் கிடைத்தது. இபி-1 வரிசை 2022 பிப்ரவரி 15இல் நின்றது. கேட்டோ நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் பியர் 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, வேலை அடிப்படையில் காத்திருப்போர் 18 லட்சம் பேர், அவர்களில் 11 லட்சம் பேர் இந்தியர்கள். இந்திய வரிசையின் கடைசியில் புதிதாகச் சேருபவர் 134 வருடம் காத்திருக்க வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு. ஆயுளைத் தாண்டிய வரிசையை வரிசை என்று சொல்வதே தவறு.

இதனால்தான் "என்.ஐ.டபிள்யூ. போட்டால் சீக்கிரம் கிரீன் கார்டு" என்று விளம்பரம் பார்க்கும்போது எனக்கு மனசு கொதிக்கிறது. என்.ஐ.டபிள்யூ.வும் இபி-2தான். பெர்ம் நேரம் மிச்சமாகும், வரிசை அதேதான். முதல் முறையாக மனுப் போடும் இந்தியப் பிள்ளைக்கு அது வேகம் தராது. அது தருவது வேறு. ஐ-140 அவருடையதாகிறது, எந்தக் கம்பெனியும் அதைத் திரும்பப் பெற முடியாது. அதைக் காட்டி ஹெச்1பியை ஆறு வருடத்துக்கு மேல் மூன்று மூன்று வருடமாக நீட்டலாம். ஹெச்-4 விசாவில் கூடவே இருக்கும் மனைவியோ கணவரோ வேலை பார்க்க அனுமதி கேட்கலாம். வரிசையில் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதி ஒன்று, நம்மவர் பேச்சில் 'பிரையாரிட்டி டேட்', கைக்கு வரும். ஆனால் ஐ-140 ஒப்புதல் தன்னளவில் நாட்டில் தங்கவோ வேலை பார்க்கவோ உரிமை தருவதில்லை. தேதி வரும் வரை ஹெச்1பி போன்ற வேறொரு விசாவில்தான் நிற்க வேண்டும். அந்த விசாவுக்கு ஒரு முதலாளி வேண்டும். முதலாளியிடமிருந்து கோப்பு விடுபடுகிறது, ஆள் முழுதாக விடுபடுவதில்லை.

இபி-1ஏ மட்டும் உண்மையிலேயே நேரத்தை மாற்றும். அதற்குக் காரணம் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு விதி. ஒப்புதலான பழைய ஐ-140இன் முன்னுரிமைத் தேதியை, முதல் மூன்று பிரிவுகளுக்குள் பிறகு போடும் புது மனுவுக்கும் எடுத்துப் போகலாம். நண்பருக்காக அவருடைய கம்பெனி 2014 மார்ச்சில் இபி-2 போட்டிருந்தது. அந்தத் தேதி இபி-2இல் அப்போது வரவில்லை. அதே தேதியை வைத்து இபி-1ஏ ஒப்புதலானால், 2022 வரை வந்துவிட்ட வரிசையில் அவர் முன்னால் நிற்கிறார். பதினொரு வருடம் காத்தது வீணாகாமல் கூடவே வருகிறது. பழைய தேதி வைத்திருப்பவர்கள் இந்த ஒரு விதியை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நேரம் இதில் நிற்கிறேன்.

வரிசையைத் தீர்மானிப்பது குடியுரிமை இல்லை, பிறந்த மண். யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர் இலங்கைக் கணக்கில் வருகிறார், இராமநாதபுரத்தில் பிறந்தவர் இந்தியக் கணக்கில் வருகிறார். இடையில் இருப்பது பாக் நீரிணை, விசாக் கணக்கில் பல பத்து வருடம். கணவன், மனைவியில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால், இருவரும் அந்த நாட்டுக் கணக்கில் போகச் சட்டம் இடம் தருகிறது. அம்மாவுக்குப் பிரசவம் சிங்கப்பூரிலோ குவைத்திலோ நடந்தது என்பதால் வாழ்க்கையே திசை மாறிய குடும்பங்கள் தமிழர்களிடையே உண்டு. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "உங்க வீட்டுக்காரம்மா எங்கே பிறந்தாங்க?" என்பதுதான். பல வருடம் காத்த பிறகு யாரோ சொல்லி இதைத் தெரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வருடங்களை யார் திருப்பித் தருவார்கள்?

இனி மனு எழுதும் வேலைக்கு வருகிறேன். "நம்மள நாமளே இப்படி எழுதிக்கிடலாமா" என்று கேட்ட நண்பருக்கு நான் சொன்னது நன்னூலை. பவணந்தி முனிவர் தன் பாயிரத்திலேயே இந்தச் சிக்கலைத் தீர்த்துவைத்திருக்கிறார். தற்புகழ்ச்சி பொதுவாகக் கூடாதுதான், ஆனாலும் கற்றவனுக்கு அது தகும் என்று நான்கு சமயங்களைச் சொல்கிறார். அரசவைக்கு எழுதி அனுப்பும்போது, தன் திறன் இன்னதென்று தெரியாதவர்கள் நடுவில், சபையில் வாதத்தில் வென்றாக வேண்டியபோது, மாற்றான் தன்னைத் தாழ்த்திப் பேசும்போது. ஐ-140க்கு இதில் முதல் இரண்டும் அப்படியே பொருந்துகின்றன. ஆர்.எஃப்.இ. வந்தால் மூன்றாவதும் பொருந்தும். எழுநூறு, எண்ணூறு வருடத்துக்கு முந்திய இலக்கண நூலில் அனுமதி இருக்கிறது என்று தெரிந்ததும் நண்பர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஆனாலும் அவர் எழுதியிருந்தது மாற வேண்டியதுதான். கூச்சப்பட்டுக்கொண்டே எழுதியதால், எல்லாம் பெரிய சொற்களாக இருந்தன. 'தலைசிறந்த', 'புரட்சிகரமான', 'இணையற்ற'. அதிகாரிக்கு இந்தச் சொற்கள் எதையும் காட்டுவதில்லை. பரிந்துரைக் கடிதங்களிலும் இதே நோய். "கடின உழைப்பாளி, நல்ல பண்பாளர், அரிய அறிவாளி" என்று பழைய பேராசிரியர் எழுதிய கடிதம் அன்பின் அடையாளம்தான், சான்று ஆகாது. நண்பரின் கோப்பில் மிகவும் கனமாக இருந்தது ஒரே பக்கக் கடிதம். அவரை நேரில் பார்த்தேயிராத ஒரு மாநிலப் போக்குவரத்துத் துறைப் பொறியாளர் எழுதியது. உங்கள் முறையை இன்ன பாலங்களில் பயன்படுத்தினோம், இன்ன இடத்தில் துருவைக் கண்டோம், அதனால் இன்ன பழுதுபார்ப்பை முன்கூட்டியே செய்தோம் என்று மட்டும் எழுதியிருந்தார். புகழ்ச்சி ஒரு சொல் இல்லை. அதைத்தான் முதலில் வைக்கச் சொன்னேன். 2007 ஆகஸ்ட் 1 அன்று மினியாப்பொலிஸில் மிசிசிப்பி ஆற்றின் மேல் இருந்த நெடுஞ்சாலைப் பாலம் இடிந்து 13 பேர் இறந்தார்கள். பாலங்களைச் சோதிப்பதன் தேவையை அந்த நாடு மறக்கவே இல்லை. அந்தப் பின்னணியில் இந்தக் கடிதத்தைப் படிக்கும் அதிகாரிக்கு 'இணையற்ற' என்ற சொல் எதற்கு?

மென்பொருள் துறையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதுவே பெரிய தடை. அவர்கள் வேலை கம்பெனிக்குள் பூட்டிக் கிடக்கிறது. காப்புரிமையின் உரிமை கம்பெனியிடம், நிரலை வெளியே காட்ட முடியாது, அதைப் பற்றிக் கட்டுரை எழுதவும் அனுமதி கேட்க வேண்டும். முக்கியப் பொறுப்பு வகித்தேன் என்று காட்ட மேலாளரின் கடிதம் வேண்டும். பல கம்பெனிகள் அப்படிக் கடிதம் கொடுக்கத் தடை போட்டிருக்கின்றன. வாசல் வழியாக வெளியே அனுப்பிய முதலாளி கொல்லைப்புறமாகத் திரும்பி வருகிறார். பல கோடிப் பேர் தினமும் பயன்படுத்தும் ஒன்றை எழுதியவர் தன்னை யாரென்று நிரூபிக்க முடியாமல் நிற்பதும், நாலு கட்டுரை எழுதியவர் எளிதாகக் கடந்து போவதும் இதனால்தான். இது ஆளின் குறை இல்லை, அளவுகோலின் குறை.

அந்தக் குறையைக் காசாக்கும் சந்தை ஒன்று முளைத்திருக்கிறது. 'ப்ரொஃபைல் பில்டிங்' என்று பெயர். பணம் கட்டினால் விருது வரும், நடுவராக உட்கார இடம் வரும், சங்க உறுப்பினர் அட்டை வரும், நீங்கள் எழுதாத கட்டுரையில் உங்கள் பெயர் வரும், உங்களைப் பற்றிச் செய்தி வரும். எனக்குத் தெரிந்த ஒரு இளைஞருக்கு ஓர் ஆலோசகர் போட்டுக் கொடுத்த பட்டியலை நான் பார்த்தேன். பத்து அடையாளங்களுக்கு எதிரே பத்து விலை இருந்தது. இதைச் செய்பவர்களை நான் பச்சையாகக் கண்டிக்கிறேன். பயத்தில் இருக்கும் பிள்ளைகளின் சேமிப்பைப் பிடுங்குகிறார்கள் என்பது ஒரு பக்கம். கிரீன் கார்டு மனுவில் பொய்ச் சான்று வைத்தது வெளிப்பட்டால் அந்த இளைஞருக்கு அமெரிக்காவின் கதவே நிரந்தரமாக மூடலாம் என்பதை அவர்கள் சொல்வதில்லை. இன்னொரு பக்கம், இந்தக் குப்பை அதிகாரிகளின் மேசையில் சேரச் சேர உண்மையானவர்களின் மனுவும் சந்தேகத்தோடு படிக்கப்படுகிறது. இரவு பகலாகப் பிறர் கட்டுரைகளை மதிப்பிட்டுக் கொடுத்த ஒரு விஞ்ஞானிக்கு அது வெறும் வழக்கமான வேலை என்று பதில் வருகிறது.

என்.ஐ.டபிள்யூ.விலும் காற்று திசை மாறிவிட்டது. 2022க்குப் பிறகு மனுக்கள் குவிந்தன. ஒப்புதல் விகிதம் நன்றாகவே குறைந்தது. 2025 ஜனவரி 15 அன்று வந்த புது விளக்கத்தில், மனுதாரரின் படிப்பும் அனுபவமும் அவர் செய்யப்போவதாகச் சொல்லும் பணியோடு தொடர்புள்ளதா என்று இன்னும் கவனமாகப் பார்க்கச் சொன்னார்கள். அது சரியான கேள்விதான். "செயற்கை நுண்ணறிவில் நாட்டுக்கு உதவுவேன்" என்ற வரியோடு வரும் மனுக்களைத் தடுக்க வேறு வழி இல்லை. இன்னொரு விளைவையும் பலர் எதிர்பார்க்கவில்லை. 2022 டிசம்பர் முதல், இந்தியா, சீனா தவிர மற்ற நாட்டவருக்கும் இபி-2இல் வரிசை உருவானது. யாழ்ப்பாணத்தாரும் காத்திருக்க வேண்டி வந்தது.

படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இபி-2க்கு வழக்கமாக முதுகலை வேண்டும், அல்லது இளங்கலையோடு ஐந்து வருட முன்னேற்றமான அனுபவம் வேண்டும். நம் மூன்று வருட பி.எஸ்சி. அமெரிக்காவின் நான்கு வருடப் பட்டத்துக்குத் தனியாக ஈடாகாது. அதற்கு மேல் எம்.சி.ஏ. படித்தவர்கள் பிழைத்தார்கள். பி.எஸ்சி.யோடு நேரே வேலைக்குப் போனவர்கள் பலர் இங்கே வந்துதான் இதைத் தெரிந்துகொண்டார்கள்.

மருத்துவர்களுக்குத் தனி வழி உண்டு. மருத்துவர் பற்றாக்குறை உள்ளதாக அறிவிக்கப்பட்ட பகுதியிலோ முன்னாள் படைவீரர் மருத்துவமனையிலோ மொத்தம் ஐந்து வருடம் முழுநேரம் பணி செய்தால் தேசிய நலன் விலக்கு என்று 1999இல் சட்டம் வந்தது. அமெரிக்காவின் சிற்றூர்களில் தமிழ் டாக்டர்களைப் பார்ப்பதற்கு இப்படிப்பட்ட விதிகள் ஒரு காரணம். அவர்களும் இந்தியாவில் பிறந்திருந்தால் அதே இபி-2 வரிசையில்தான் நிற்கிறார்கள். நாட்டுக்குத் தேவை என்று அரசே எழுதிக் கொடுத்துவிட்டு, இன்னும் பல வருடம் நில் என்று சொல்வது எனக்கு விளங்கவே இல்லை.

நாடாளுமன்றத்துக்கு இது தெரியாமல் இல்லை. ஏழு சதவீத வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365க்கு 65 என்று நிறைவேறியது. 2020 டிசம்பரில் செனட்டும் தன் வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டு வடிவமும் ஒன்றாகவில்லை, காலக்கெடு முடிந்தது, மசோதா செத்தது. வரம்பை நீக்கினால் பிற நாட்டவர் வரிசை நீளும் என்ற எதிர்ப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. மொத்த எண்ணிக்கை 1990இல் வைத்த இடத்திலேயே நிற்கும்வரை ஒருவர் வலியை இன்னொருவருக்கு மாற்றத்தான் முடியும். குடும்ப உறுப்பினர்களை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாலே பாதிக்கு மேல் பாரம் குறையும். இதை ஏன் முதலில் செய்யவில்லை?

மாறாக 2025 செப்டம்பர் 19 அன்று வந்தது 'கோல்டு கார்டு' உத்தரவு. அரசுக்குப் பத்து லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தால், அதையே அசாதாரணத் திறமைக்கும் தேசிய நலனுக்கும் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. புது எண்கள் எதுவும் இல்லை, அதே இபி-1, இபி-2 எண்கள்தான். அதே நாளில் புது ஹெச்1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதிக்கும் அறிவிப்பும் வந்தது. உழைப்பாளியின் சொல்லுக்கு என்று ஒதுக்கிய இடத்தில் பணப்பெட்டியை வைப்பது, 1990இல் திறந்த கதவின் பொருளையே மாற்றுகிறது.

நண்பரின் இபி-1ஏ மனு அந்த ஜூலை கடைசியிலேயே போயிருந்தது. அப்போது படிவக் கட்டணம் 715 டாலர், அதோடு கூடுதல் கட்டணம் ஒன்று, தானே மனுப் போடுபவர்களுக்கான குறைந்த அளவில் 300, பதினைந்து வேலை நாளில் பதில் கேட்கும் பிரீமியம் சேவைக்கு 2,805. வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. அவசரத்துக்குக் காரணம் மகள். திருநெல்வேலியில் பிறந்து நான்கு வயதில் இங்கே வந்தவள், அடுத்த ஜனவரியில் 21 வயது ஆகவிருந்தது. அதற்குள் தேதி வந்து ஒப்புதலும் ஆகாவிட்டால் அவள் பெற்றோரின் விண்ணப்பத்தில் சேர முடியாது. வளர்ந்த ஊரிலேயே வெளிநாட்டு மாணவியாக வேறு விசா தேட வேண்டும்.

ஆர்.எஃப்.இ. வந்தது. முக்கியப் பொறுப்புக்கு இன்னும் சான்று கேட்டார்கள். போக்குவரத்துத் துறைப் பொறியாளர் இரண்டாவது கடிதம் எழுதினார், இந்த முறை சோதனை அறிக்கைகளோடு. செப்டம்பர் கடைசியில் ஒப்புதல் வந்தது. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மறுபடி அதே மேசைக்குப் போனேன். மூன்று பேருக்கும் கிரீன் கார்டுக்கான கடைசி விண்ணப்பமான ஐ-485 படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மகள் தன் படிவத்தைத் தானே நிரப்பினாள். பிறந்த ஊர் என்ற கட்டம் வந்ததும் நிறுத்தினாள். பாஸ்போர்ட்டில் ஊர்ப் பெயர் 'டி' எழுத்தில் தொடங்கி அடுத்தது 'ஐ'. மாநகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழில் நடுவே ஒரு 'ஹெச்' கூடுதலாக இருந்தது.

"அப்பா, எதை எழுதட்டும்?"

நண்பர் இரண்டு காகிதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "சர்ட்டிஃபிகேட்ல இருக்கிற மாதிரி எழுதும்மா. ரெண்டு ஸ்பெல்லிங்கும் ஒரே ஊருதான்னு நான் ஒரு கடிதம் எழுதி வைக்கிறேன்."